டாப்பேறியைப் பிடித்துக்கொண்டு போனவர்

“நேர்ல போனா விஷயம் கெட்டுடும்ப்பா” என்பார் அவர். ஒரு செய்தித்தாளுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவர் சொல்கிற பேச்சா இது என்று கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். கல்யாணத்துக்குப் போனவன் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்லுவான், போகாதவன்தான் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லுவான் என்பார்.

ஜவ்வாது மலைமேல் சந்தை கூடுகிற ஓர் ஊரில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே நான் டீ மாஸ்டர். படிப்பு ஐந்தாவதோடு சரி. எனக்குப் பேச்சு அதிகம் வராது. டீ போடுகிறவனுக்கு ‘சக்கரை கம்மியா?’ என்கிற ஒரு கேள்வி போதும். அதையும் நான் புருவத்தாலேயே கேட்டுவிடுவேன். எங்கள் ஊர் அங்கிருந்து உள்ளே, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம். சாமையும் புளியும்தான் பிழைப்பு.

அவர் மலைக்காரர் அல்ல. கணியம்பாடிக்குப் பக்கத்திலிருந்து வந்தவர். மலைச் செய்திகளைச் சேகரிக்க வந்ததாகச் சொல்லி, எங்கள் கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். காலையில் குளித்து, திருநீறு பூசி, சட்டைப் பையில் இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு, அறையிலிருந்து கடை பெஞ்சுக்கு வருவார். அவருடைய சுற்றுப்பயணம் அவ்வளவுதான். அவர் இருந்த காலம் முழுதும் அந்த பெஞ்சைத் தாண்டி மலையில் எந்த இடத்தையும் அவர் பார்த்ததில்லை.

ஒருநாள் மூங்கில் லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநரின் சட்டை தோளில் கிழிந்திருந்தது. மறுநாள் பேப்பரில் ‘யானைக் கூட்டம் அட்டகாசம், ஓட்டுநர் உயிர் தப்பினார்’ என்று வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் யானையைப் பார்ப்பதென்றால் ஏதாவது கோயிலில் பார்த்தால்தான் உண்டு. சட்டையைக் கிழித்தது ஓட்டுநரின் மச்சினன்.

இன்னொரு முறை, முன்னாள் வார்டு மெம்பர் ஒருவர் காலமானதாக எழுதிவிட்டார். மெம்பர் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் கடைக்கே வந்தார்.

“இன்னா சார், என்ன சாவடிச்சிட்டீங்களே!”

“நேத்து முழுக்க நீங்க கடைக்கு வர்லியே. நான் இன்னான்னு நெனைக்கிறது?”

“பல்லு வலி சார்.”

“அத யாராச்சும் வந்து சொல்லணும். சரி, நாளைக்கு மறுப்பு போட்டுர்றேன். ஆனா படிச்சிப் பாருங்க, உங்கள பத்தி நாலு நல்ல வார்த்த எழுதிக்கீறேன். நெஜமாவே செத்தா இவ்ளோ எழுத மாட்டாங்க.”

மெம்பர் நின்றபடியே இன்னொரு தடவை படித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, “மாஸ்டர், சாருக்கும் சேத்து ஒண்ணு” என்றார்.

ஆனால் செய்தி அவருக்குப் பக்க வேலைதான். உயிர் வேறோர் இடத்தில் இருந்தது. அவர் இளவயதில் டிவியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தொடர் வந்ததாம். பேய், பூதம், பிசாசுகளைத் தேடிப் போகிற ஒரு நிருபரின் கதை. அந்த நிருபர் மந்திரம் போட மாட்டான், கத்தி எடுக்க மாட்டான். பூதத்துக்கு எதிரே உட்கார்ந்து, “பேட்டி குடுக்கறீங்களா?” என்று கேட்பான். கேள்வி தாங்காமல் பூதமே ஓடிவிடும். சில மாதம் வந்தது. கடைசியாக ஒரு வாரம் அவன் ஒரு கிணற்றுக்குள் இறங்கினான், ‘தொடரும்’ என்று போட்டார்கள், தொடரவில்லை. நாட்டில் மற்றவர்கள் எல்லாம் அதை மறந்து கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, சர்க்கரை நோயும் வாங்கிக்கொண்டார்கள். இவரும் அதையெல்லாம் செய்தார், ஆனால் அவனை மட்டும் மறக்கவில்லை. “அவன் இன்னும் கெணத்துலதான்ப்பா கீறான்” என்று என்னிடம் சொல்லும்போது கண் கலங்கியிருக்கிறது. அவருடைய சொந்தத் தம்பி ஒருவர் குவைத்தில் பல வருஷமாக இருந்தார். அவரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த நிருபரை வைத்துப் புதிதாகச் சிறுகதைகள் எழுதத் தொடங்கினார். ‘நம்மாளு’ என்றுதான் அவனைச் சொல்வார். எழுதுவதை அவரே வாசித்து, போனில் பதிவு செய்து, தான் நடத்திய வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கடை முதலாளி ஒருநாள் கேட்டார்.

“தொடர் எடுத்தவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?”

“அவங்க அவன கெணத்துல வுட்டுட்டுப் போய்ட்டாங்க. தூக்கினு வந்தவன் நானு. தூக்கினவனுக்குத்தான் சொந்தம்.”

குழுவில் அவரைப் போலவே அந்தத் தொடரில் மாட்டிக்கொண்டவர்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். திருப்பத்தூரில் மொபைல் கடை வைத்திருப்பவர், போளூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர், துபாயில் ஒருவர். நம்மாளுக்குப் பை தொங்கியது இடது தோளிலா வலது தோளிலா என்று ஒரு வாரம் சண்டை போட்டார்கள். வாத்தியார் குழுவை விட்டே வெளியேறி, கால் பிடிக்காத குறையாகக் கூப்பிட்ட பிறகு திரும்பி வந்தார்.

கதைகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். மலையில் பழைய கல்லறைகள் உண்டு, குள்ளர் வீடு என்போம். அங்கே மூட்டுவலி பிடித்த ஒரு பூதத்தைக் குடியேற்றினார். “உங்க வேலை?” என்று நம்மாளு கேட்கிறான். “பயமுறுத்தறது” என்கிறது பூதம். “நிரந்தரமா, தினக்கூலியா?” என்கிறான் நம்மாளு. நான் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்திருக்கிறேன்.

தொல்லை என்னவென்றால், அதே குழுவில் அதே குரலில்தான் காலையில் ‘ரேஷனில் பாமாயில் வந்துவிட்டது’ என்பார். பாமாயில் வந்திருக்கும். சாயங்காலம் அதே குரலில் ‘ஓடையோரம் ஒன்று நிற்கிறது’ என்பார். சந்தைக்கு வருகிற எங்கள் சனம் இரண்டையும் போனில் இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்கும். பாமாயில் நிஜமென்றால் ஓடையோரம் நிற்பது மட்டும் எப்படிப் பொய்யாகும்? போதாததற்கு ஊர்ப்பெயர், ஓடைப்பெயர் எல்லாவற்றையும் உள்ளபடியே வைப்பார். எடம் நெஜமா இருந்தாத்தான் பேய் நிக்கும் என்பது அவருடைய கட்சி. அந்த இடங்களின் பெயரெல்லாம் டீ குடிக்க வருகிறவர்களிடம் விசாரித்தது.

ஒரு தூறல் நாளில் என்னிடம் விசாரித்தார்.

“உங்க ஊர் வழில விசேஷமா ஏதாச்சும் கீதா மாஸ்டர்?”

நான் பாலை ஆற்றிக்கொண்டே, “பாறை வளைவுல பஸ் டாப்புல கெளை இடிக்கும்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வராது.

மறுவாரம் டாப்பேறி பிறந்துவிட்டான். எங்கள் ஊர்ப் பாறை வளைவில், சாயங்கால பஸ் திரும்பும்போது, கிளையிலிருந்து தொப்பென்று கூரைமேல் குதிக்கிற நீளக்கைப் பூதம். அவன் ஏறினால் வண்டி கனக்கும். ஊர் வருவதற்குள் ஓர் ஆள் குறைந்திருக்கும். ‘ஏறும்போது எண்ணுங்கள், இறங்கும்போது எண்ணுங்கள்’ என்று நம்மாளு சனங்களுக்குச் சொல்லிவிட்டு, பேட்டி எடுக்க ஏணியில் கால் வைக்கிறான். தொடரும்.

எங்கள் சனம் எண்ணிப் பார்த்தது. வழியில் கொல்லைமேட்டில் இரண்டு பேர் எப்போதும் இறங்குகிறவர்கள். கணக்கு எப்படிச் சரியாக வரும்?

அந்தச் சாயங்கால பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருஷம் கேட்டுக் கேட்டு, அப்போதுதான் சோதனையாக விட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் எங்கள் ஊரில் பத்தாவது முடித்த பெண்பிள்ளை வீட்டோடு நிற்கும். சந்தை ஊரில்தான் மேல்வகுப்பு, சாயந்திரம் திரும்பி வர வண்டி கிடையாது. மதியமே ஷேர் ஜீப் போய்விடும். என் மகள் அந்த பஸ்ஸை நம்பித்தான் பதினொன்றில் சேர்ந்தாள். டாப்பேறி வந்த பிறகு புளி மூட்டைப் பெண்கள் முதலில் ஏறாமல் நின்றார்கள். பிறகு பெற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். கடைசியில் நானும் என் மகளும் ஒரு காது கேளாதவரும்தான் ஏறினோம்.

கண்டக்டர் டீ குடிக்க வந்தபோது சொன்னார்: “வெறும் தகரத்த ஏத்தினு போய்ட்டு வர்றோம் மாஸ்டர். அடுத்த வாரம் டிப்போ மேனேஜர் நேர்ல வந்து பாப்பாரு. இப்பிடியே கெடந்தா நிறுத்திடுவாங்க.”

“நீ போயி அந்த சாராண்ட கேளுப்பா” என்றாள் மகள்.

“இன்னான்னு கேக்கறது?”

“அந்தக் கழுதைய எடுக்கச் சொல்லு. வண்டி நின்னா நான் சாமை புடைக்கத்தான் போணும்.”

எனக்குக் கேட்க வரவில்லை. இரண்டு நாள் அவருக்கு மட்டும் பாலேடு போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கதைக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டேன்.

“சார், வளைவுல கீறத எடுத்துருங்க. பஸ்ல ஆளே ஏற்றதில்ல.”

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. “ஒருத்தருமா ஏற்ல?” என்றார்.

“பாப்பா படிப்பு சார்...”

“பாத்தியா எழுத்தோட சக்திய! பேப்பர்ல எத்தினி வருஷம் எழுதினேன், ஒரு நாய் திரும்பிப் பாக்கல. இப்ப ஒரு ரூட்டே காலி!” உடனே போனை எடுத்துத் துபாய்க்காரருக்குச் சொன்னார். பிறகுதான் என்னைப் பார்த்தார். “இன்னும் பேட்டியே எடுக்கல மாஸ்டர். பாதில எடுத்தா அந்த டிவிக்காரனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?”

அன்று அவர் டீயில் சர்க்கரை போடவில்லை. என்னால் முடிந்தது அது.

மகள் என்னை நம்பிப் பயனில்லை என்று ஊர்க்கவுண்டரிடம் போய்விட்டாள். எங்கள் ஊரில் அவர் சொல்வதுதான் நியாயம். அவர் பேய் உண்டா இல்லையா என்ற பேச்சுக்கே போகவில்லை.

“யாருது அது?” என்று கேட்டார்.

“டீக்கடைல குந்தினு கீறாரே, அந்த சாருதுங்க.”

“அப்ப வந்து புடிச்சினு போவச் சொல்லு.”

எங்கள் பக்கத்தில் ஒருவன் மாடு அடுத்தவன் சாமையில் இறங்கி மேய்ந்துவிட்டால், மாட்டுக்காரனே கயிறோடு வர வேண்டும். நாலு பேர் முன்னால் அதைக் கட்டி, தன் சொந்த வீட்டுக்கு நடத்திக்கொண்டு போய்க் கட்ட வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது, நடுவழியில் அவிழ்த்துவிடக் கூடாது. கவுண்டருக்கு இதுவும் அந்த வழக்குதான்.

தகவலை என்னிடம் கொடுத்தால் போய்ச் சேராது என்று மகளுக்குத் தெரியும். கவுண்டரின் குரலைப் போனில் பிடித்து, மறுநாள் அந்தக் குழுவிலேயே போட்டுவிட்டாள். “யோவ் சார்! உம்ம உருப்படி எங்க ஊர்ல மேயுது. வர்ற சந்தைக்கு மறுநாள் காலைல கயிறு எடுத்துனு வந்து ஓட்டினு போ. வர்லன்னா நாங்களே ஓட்டினு வந்து உன் பெஞ்சுல கட்டுவோம்.”

ரசிகர்கள் துள்ளிவிட்டார்கள். இது புதுக்கதை என்று நினைத்துவிட்டார்கள். கவுண்டர் குரலில் அசல் மண்வாசனை என்றார் வாத்தியார். நம்மாளு எப்போது கிளம்புகிறான் என்று மொபைல் கடைக்காரர் மணிக்கொரு தரம் கேட்டார். சார் அன்று முழுதும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது. போகாவிட்டால் நம்மாளு பயந்துவிட்டான் என்று ஆகும். அதைத் தாங்க மாட்டார். தன்னைப் பயந்தாங்கொள்ளி என்றால் தாங்குவார்.

அப்படித்தான் அவர் மலைக்கு வந்து அத்தனை காலம் கழித்து மலையைப் பார்க்கக் கிளம்பினார். அவரைக் கூட்டிவர நான் சந்தை இரவு கடையிலேயே தங்கிவிட்டேன். காலை ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நாலாவது திருப்பத்திலேயே வாந்தி எடுத்தார். “இவ்ளோ வளைவு கீதுன்னு நீ சொல்லவே இல்லியே” என்று என்னைக் கோபித்தார்.

சாமை அடிக்கிற களத்தில் ஊர் கூடியிருந்தது. களத்துக்குள் செருப்போடு வரக் கூடாது என்றதால் கழற்றிவிட்டு, குத்துகிற சாமைத் தாளில் நொண்டிக்கொண்டே வந்து நின்றார்.

“அய்யா, அது கற்பனை” என்று தொடங்கினார். “கதை. நெஜம் கெடையாது.”

“கதைன்னா எங்க ஊர் பேரை எதுக்கு வச்சே? உன் கணியம்பாடி பேரை வக்கறது” என்றார் கவுண்டர்.

“அது... எடத்துக்கு ஒரு நம்பகம்...”

“நீ எங்க வளைவ பாத்துக்கீறியா?”

“இல்ல.”

“பாக்காத வூட்ல எதுக்குய்யா பேய வுட்டே?” என்றாள் புளி மூட்டைக்காரி ஒருத்தி. களம் சிரித்தது.

கவுண்டர் கையைத் தூக்கினார். “ஒரே கேள்வி. அது உன்னுதா, இல்லியா? இல்லன்னு சொல்லிடு. உனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, யார் வேணா வச்சிக்கலாம், யார் வேணா கொல்லலாம். இந்தப் பொண்ணே நாளைக்குப் போன்ல பேசி அத முடிச்சிடும்.”

இதைவிட எளிய வழி உலகத்தில் எவனுக்கும் கிடைத்திருக்காது. ‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மதிய ஜீப்பில் திரும்பியிருக்கலாம். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. “அதெப்பிடி! என்னுதுதான்! கை நீளத்துல இருந்து எல்லாமே நான் யோசிச்சது. வேற எவனும் தொடக் கூடாது!” என்று கத்தினார்.

“உன்னுதுன்னா கயித்த புடி” என்றார் கவுண்டர்.

பாறை வளைவுவரை ஊரே பின்னால் போனது. அவர் கிளைக்குக் கீழே நின்று, கயிற்றில் சுருக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு, மெல்ல, “வா” என்றார்.

“எரும மாட்டயே அப்பிடிக் கூப்ட்டா வராது. அதட்டு சார்!”

“ஏய், எறங்கி வா!” என்றார். குரல் உடைந்தது. காற்றில் ஓர் இலை விழுந்தது, அவர் சட்டென்று ஓரடி பின்வாங்கினார். ஊர் அதைப் பார்த்துக்கொண்டது. உருவாக்கியவனே பயப்படுகிறான் என்றால் பிடிபட்டது நிஜமான உருப்படிதான். கயிற்றை இழுத்தார்.

“கனக்குதா சார்?” என்று மகள் கேட்டாள்.

அவளை ஒரு பார்வை பார்த்தார். “கனக்குது” என்றார்.

சந்தை ஊர்வரை நடந்தே இழுத்து வந்தார். அவிழ்த்துவிடாமல் பார்க்க ஊர் சார்பில் மூன்று பேர் கூட வந்தார்கள். அறை வாசலுக்கு வந்ததும் வீட்டுக்காரர் குறுக்கே கையை வைத்தார். “வாடகை பேசும்போது ஒருத்தருன்னுதான சொன்னீங்க?” என்றார். எங்கள் முதலாளி கடை முன்னால் கட்டக் கூடாது என்று முன்கூட்டியே ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டுவிட்டார். கூட வந்த மூவரும், வாடகை வீடு செல்லாது, சொந்த வீட்டில்தான் கட்ட வேண்டும், அதுதான் முறை என்றார்கள். சொந்த வீடு கணியம்பாடிப் பக்கம்.

கடைசியில் கீழே போகிற பஸ்ஸில் பெட்டியோடு ஏறினார். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போடப் போனார். “பைல போடாதீங்க சார், அதுக்கு மூச்சு முட்டும்” என்றார் முதலாளி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவரும் போடவில்லை. ஜன்னல் வழியாக நுனியை வெளியே விட்டுப் பிடித்துக்கொண்டார். பஸ் திரும்புகிறவரை அது ஆடிக்கொண்டே போனதைப் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது, முழுசாக வரவில்லை.

அன்று சாயந்திரமே பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். மறுநாள் புளி மூட்டைகள் ஏறின. மேனேஜர் வந்து பார்த்த அன்று படிக்கட்டில் நிற்க இடமில்லை. அவரையே யாரோ ஒரு கூடையால் இடித்துவிட்டார்கள். பஸ் நிலைத்துவிட்டது. என் மகள் பன்னிரண்டு முடித்து இப்போது திருப்பத்தூரில் படிக்கிறாள். சார் அதன்பிறகு மலைக்கு வரவில்லை. நம்மாளு இப்போது வேலூர்க் கோட்டை அகழிப் பக்கம் வேலை செய்வதாகக் கேள்வி.

மேனேஜர் வந்துபோன மறுநாள் இரவு எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

“மாஸ்டர், பஸ் ஓடுதா?”

“ஓடுது சார்.”

“கூட்டமா?”

“செம கூட்டம் சார்.”

“வளைவுல... யாருமே மேல பாக்கறது இல்லியா?”

அன்று நான் அந்த பஸ்ஸில்தான் வந்தேன். வளைவில் பெண்கள் தங்கம் விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கிளை கூரையில் இடித்தது, ஒருவரும் நிமிரவில்லை.

“கண்டக்டர் பாக்கறாரு சார்” என்றேன். “வளைவு வந்தா விசிலே ஊத மாட்டாரு. ஆள எண்ணிப் பாக்கறாரு.”

“நெஜமாவா?”

“நானே பாத்தேன் சார்.”

அவர் நீளமாக மூச்சு விட்டார்.

“ஒருத்தன் போதும் மாஸ்டர்” என்றார்.